வானத்திலிருந்து தெரியும் வேலிச் சந்து

ஜூன் 6, 2025, வெள்ளி

இன்றைக்கும் என்னைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள். கேத்தி பள்ளத்தாக்குக்கு மேலே பன்னிரண்டாயிரம் அடியில் இடது இறக்கை தனியாகக் கழன்று போனது. தப்பு என்னுடையதுதான். பின்னால் ஒருவன் வருகிறான் என்று தெரிந்தும் தலையைக் குனிந்து கீழே பார்த்தேன். கீழே எங்கள் ஆபீஸ் கூரை. நானே வரைந்து வைத்த கூரையை நானே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால் எவன் சும்மா விடுவான்?

"எந்தா வேலாமணி, சண்டைக்கு நடுவுல ஊர் பாக்கறீங்களா?" என்று காதுக்குள் ஹரிதாஸ் சேட்டன் சிரித்தார். கூடலூரில் மருந்துக் கடை வைத்திருக்கும் மலையாளி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடையை மருமகனிடம் விட்டுவிட்டு என் பக்கத்து விமானத்தில் பறப்பார். மூன்று வருஷமாகச் சேர்ந்து சண்டை போடுகிறோம், நேரில் பார்த்ததே இல்லை.

விஆர் ஹெட்செட்டைக் கழற்றினால் நான் பாதுகாப்புத் துறையில் ஒரு சிவிலியன் கிளார்க். நாற்பத்தாறு வயது, ஸ்வெட்டர், மஃப்ளர், அடுப்பில் குக்கரின் மூன்றாவது விசில். என் வீட்டுக்காரர் சிவகுரு கதவோரம் நின்று, "எத்தன பேரச் சுட்டே புள்ள? இங்க தோசை சுட ஆளில்ல" என்றார். டீ பேக்டரியில் டிரையர் முன்னால் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்த மனுஷன். போய்ச் சுட்டுப் போட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

மழை. துணி எதுவும் காயவில்லை. ஹெட்செட் லென்ஸில்கூட ஈரம் கோத்துக்கொள்கிறது. பறப்பதற்கு முன்னால் அரிசிப் பானைக்குள் அரை மணி நேரம் வைத்து எடுக்கிறேன். யாரிடமும் சொல்ல முடியாத வைத்தியம்.

இது மகள் ரேகாவின் கம்ப்யூட்டர். படிப்பு முடிந்து பெங்களூருக்குப் போகும்போது "நீயே வச்சுக்கோம்மா" என்று விட்டுப் போனாள். முதல் மாதம் முழுக்க வாந்தி. சுக்கை வாயில் போட்டுக்கொண்டுதான் மிக்-21இல் ஏறினேன். திரும்பிப் பார்க்கிற வேகத்தில் பீரோவில் இடித்து முழங்கை வீங்கியது. ஆனாலும் அந்த ஒரு நொடி! தோளுக்குப் பின்னால் தலையைத் திருப்பினால் நம் விமானத்தின் வால் தெரியும், வாலுக்கு மேலே சூரியன், சூரியனுக்குள் ஒரு கரும்புள்ளி. அப்போது கை நினைப்பதற்கு முன்னால் ஜாய்ஸ்டிக்கை இழுத்துவிடும். பத்தொன்பது வருஷ ஆபீஸ் வாழ்க்கையில் எனக்கு அப்படி எதுவும் கிடைத்ததில்லை.

அந்த விமானச் சண்டை விளையாட்டில் நம் மலை வெறும் பச்சைத் துணி மாதிரி இருந்தது. மனசு கேட்கவில்லை. இரண்டு வருஷம் உட்கார்ந்து குன்னூர் பஜார், ரயில் பாதை, சோலூர் கேரட் வயல் எல்லாம் வரைந்து சேர்த்தேன். எங்கள் ஆபீஸையும் வைத்தேன். பின்பக்க வேலியில் கம்பி வளைந்த சந்து, அதைத் தாண்ட அட்டெண்டர் கந்தன் போட்டு வைத்த கல், கீழே பஸ் ஸ்டாப்புக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை. மெயின் கேட் வழியாகச் சுற்றினால் இருபது நிமிஷம், சந்து வழியாக மூன்றே நிமிஷம். ஐந்து பத்துக்கு வரும் மினி பஸ்ஸை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பிடிக்கிறோம்.

மார்ச்சில் அந்த மலையை இணையத்தில் ஏற்றினேன். இதுவரை 412 பேர் பதிவிறக்கியிருக்கிறார்கள். இன்றைக்கும் எண்ணிப் பார்த்துக்கொண்டேன். கொஞ்சம் கர்வம்தான்.

ஜூன் 11, புதன்

எங்கள் சூப்பரிண்டெண்டன்ட் லீலாவதி மேடம் ஒரு சுற்றறிக்கை கொடுத்து டைப் செய்யச் சொன்னார். எங்கேயோ ஒரு பையன் ராணுவ வளாகத்துக்குள் ரீல்ஸ் எடுத்துப் போட்டிருக்கிறான், அதனால். 'அலுவலக வளாகத்தின் புகைப்படம், காணொளி, வரைபடம், மாதிரி எதையும் இணையத்தில் வெளியிட்டதில்லை என்று உறுதி கூறுகிறேன்.' கீழே முப்பத்தொரு பேருடைய பெயர், எதிரே கையெழுத்துக்குக் கட்டம். 'மாதிரி' என்று அடித்தபோதுதான் விரல் நின்றது.

பதினான்காவது பெயர் என்னுடையது. அதையும் நானே அடித்தேன்.

ஜூன் 12, வியாழன்

தூக்கமில்லை. எனக்கு நானே வக்கீலாக வாதாடுகிறேன். சாட்டிலைட் படத்தில் எல்லாக் கூரையும்தான் தெரிகிறது. உலகத்துக்கே தெரிந்ததை நான் வரைந்தால் என்ன குற்றம்?

ஆனால் சந்து தெரியாதே. கற்பூர மரங்கள் மூடியிருக்கின்றன. அது நடந்து போகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த வழி. போன வாரம் வரைக்கும் முப்பத்தொரு பேருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தொன்றோடு நானூற்றுப் பன்னிரண்டைக் கூட்டிக்கொள் வேலாமணி.

வேலை போய்டுமா? கேஸ் ஆகுமா? ரேகாவப் பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட என்னன்னு சொல்றது? ஐயோ, எதுக்கு அந்தக் கல்லையெல்லாம் வரஞ்சு தொலச்சேன்.

ஜூன் 13, வெள்ளி

ஆபீஸிலிருந்து வந்ததும் முதல் வேலையாக மலையை இணையத்திலிருந்து அழித்தேன். ஒரு பொத்தான், 'நிச்சயமாகவா?' என்று ஒரு கேள்வி, முடிந்தது. அரை மணி நேரம் நிம்மதி.

பிறகு சேட்டனிடம் சொன்னேன். அவர் மெதுவாக, "வேலாமணி, ஞான் அத வேற ரெண்டு சைட்லயும் போட்டிருந்தேன். நம்ம ஊரை நாலு பேரு பாக்கட்டும்னு. ஒரு வீடியோவும் பண்ணி விட்டேன்" என்றார். ஏப்ரலிலேயே செய்தாராம். எனக்குப் பிறந்தநாள் பரிசாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தாராம்.

அழுதுவிட்டேன். மைக்கை மூட மறந்து அழுதேன். பாவம், பதறிப் போனார். பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். "எடுத்துட்டேன் மோளே. பக்ஷே ஆளுக எறக்கி வச்சத நான் எங்க போயி தேடறது?" என்றார். அவர் மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

இன்று யாரும் பறக்கவில்லை.

ஜூன் 14, சனி

வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தேநீரை ஆற்றியபடி கேட்டார். ஆறிப்போய்விட்டது, அப்புறமும் ஆற்றிக்கொண்டிருந்தார்.

"பேசாம கையெழுத்தப் போடு புள்ள. கம்ப்யூட்டர்ல நீ என்ன பண்றேன்னு அந்த ஆபீஸ்ல யாருக்குத் தெரியும்?"

அதுதான் உண்மை. யாருக்கும் தெரியாது. விளையாட்டில் எனக்கு வேறு பெயர். கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமையோடு முடிந்துவிடும்.

"அந்தச் சந்து வழியா எவனாச்சும் உள்ள வந்துட்டா?" என்று கேட்டேன். அவர் ஆறின தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து போனார்.

ஜூன் 16, திங்கள்

பட்டியலை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போவதும் என் வேலைதான். எல்லோரும் படிக்காமலே போட்டார்கள். அட்டெண்டர் கந்தன் மட்டும் கண்ணாடி போட்டு, வரிவரியாகப் படித்து, முழுப்பெயரும் எழுதினார். "என்ர போன்ல டார்ச்சு மட்டும்தானுங்க மேடம் எரியுது. நான் எங்க படம் புடிக்கறது" என்று சிரித்தார். முட்டி வலிக்காரர். அந்தக் கல்லை அவர் போட்டதே தன் முட்டிக்காகத்தான்.

சாயங்காலம் எல்லோரோடும் சந்து வழியாகவே இறங்கினேன். அந்தக் கல்லில் கால் வைக்கக் கூசியது.

ஜூன் 17, செவ்வாய்

முப்பது கையெழுத்து. ஒரு கட்டம் காலி.

ஜூன் 18, புதன்

லீலாவதி மேடம் பட்டியலைப் பார்த்துவிட்டு, "பதினாலாவது யாருங்க? ஓ, நீங்களேவா?" என்றார். பேனாவையும் நீட்டினார். வாங்கினேன். மூடியைத் திறந்தேன். "நாளைக்குத் தர்றேனுங்க மேடம்" என்று மூடி வைத்துவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை நான். உடம்பு சரியில்லை என்று எத்தனை லீவு எடுத்து விமானம் ஓட்டியிருக்கிறேன்! இந்தப் பொய் மட்டும் ஏன் கையை விட்டு இறங்கவில்லை? வேலியை அடைக்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். நான் வாயைத் திறக்காவிட்டால் சந்து அப்படியே கிடக்கும்.

ஜூன் 19, வியாழன்

சொல்லிவிட்டேன்.

காலையில் செருப்பு மாட்டும்போது இவரும் கிளம்பி நின்றார். "பேக்டரிக்கு லீவு சொல்லிட்டேன். கேட் வரைக்கும் வர்றேன்" என்றார். மெயின் கேட் வழியாகவே போனோம்.

மேடம் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். விஆர், மிக்-21, பள்ளத்தாக்கு எல்லாவற்றையும் நான் உளறி முடித்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ரிடையர்மென்ட்டுக்கு ஆறு மாசம் இருக்குது வேலாமணி. இத எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாம்ல?" பட்டியலை மூடி வைத்தார். "இனிமேல் கேக்காத மாதிரி இருக்க முடியாதுங்க" என்று போனை எடுத்தார்.

ஜூன் 21, சனி

பாதுகாப்புப் பிரிவிலிருந்து சுபேதார் தரணிதரன் வீட்டுக்கே வந்தார். கூட ஒரு ஜவான். எங்கள் சின்ன அறையில் பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே அவர்கள் பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது. இவர் சமையலறையில் நின்று நாலு பேருக்கு எட்டு டம்ளர் டீ ஊற்றினார்.

சுபேதார் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். ஹெலிகாப்டரில் ஏற்றி மெதுவாகக் கூட்டிப் போனேன். நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "இது நம்ம தண்ணி டேங்கு இல்ல? அட, துரு முதக்கொண்டு இருக்கு." குரலில் கோபமா, ஆச்சரியமா? முகத்தை ஹெட்செட் மறைத்திருந்தது. பின்பக்கம் இறக்கினேன். தலை மட்டும் அப்படியும் இப்படியும் திரும்பியது.

"இந்தக் கல்லு எதுக்கும்மா?"

"தாண்டறதுக்குங்க."

"யாரெல்லாம் தாண்டுவீங்க?"

"எல்லாருந்தானுங்க."

ஹெட்செட்டைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது, தலை சுற்றியிருக்கும். சுக்கு கொடுக்கலாமா என்று நினைத்தேன், கொடுக்கவில்லை. ஜவான் எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்துக்கொண்டான். நானூற்றுப் பன்னிரண்டு பேரிடமும், சேட்டன் போட்ட சைட்களிலிருந்து எடுத்தவர்களிடமும் இருப்பதை எப்படி அழிப்பது என்று கேட்டேன்.

"அழிக்க முடியாதும்மா," என்றார். "தப்பாக்கிடலாம்."

எனக்குப் புரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஒரு தகவலும் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

இன்றும் இல்லை. ஆபீஸில் போன் அடித்தாலே எழுந்து நிற்கிறேன். சேட்டன், "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் செய்தி அனுப்பினார். சாப்பிடவில்லை. சாப்பிட்டேன் என்று பதில் போட்டேன்.

ஜூலை 2, புதன்

சுபேதார் சொன்னது புரிந்துவிட்டது.

காலையில் பின்பக்கம் சிமெண்டு மூட்டை, சுருள் சுருளாக முள்கம்பி, எட்டு ஆட்கள். சாயங்காலத்துக்குள் சந்து இருந்த இடத்தில் ஆள் உயரச் சுவர். பாதையையும் வெட்டிப் புரட்டிப் போட்டுவிட்டார்கள். கல் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் வரைந்த படம் இனி யாருக்கும் எந்த வழியையும் காட்டாது.

ஐந்து பத்து பஸ் போய்விட்டது. மழையில் முப்பத்தொரு பேரும் மெயின் கேட் சுற்றி நடந்தோம். "எந்தப் புண்ணியவான் போயி ஓதுனானோ" என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். நான் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டேன்.

ஜூலை 9, புதன்

எழுத்துப்பூர்வமான எச்சரிக்கை. பெர்சனல் ஃபைலில் போகும். ஜன்னலோர இடத்திலிருந்து ரெக்கார்டு ரூமுக்கு மாற்றம். தானாக முன்வந்து சொன்னதைக் கருத்தில் கொண்டு, என்று ஒரு வரி.

வேலை இருக்கிறது! வேலை இருக்கிறது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மேடம் பட்டியலில் பதினான்காவது கட்டத்தில் சிவப்பு மையால் 'தனிக் கடிதம் இணைப்பு' என்று எழுதியிருந்தார். விளையாடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இனிமேல் எதையும் வரையக்கூடாது, அவ்வளவுதான்.

ஜூலை 10, வியாழன்

காலையில் மெயின் கேட் ஏற்றத்தில் கந்தன் மூன்று இடத்தில் நின்றார். மூன்றாவது இடத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை.

"நான்தானுங்க சொன்னேன்," என்றேன். விளையாட்டு, படம், சந்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தார். இனி என் முகத்தில் விழிக்க மாட்டார் என்று நினைத்தேன்.

"ஏனுங்க மேடம், நான் போட்ட கல்லையுமா வரஞ்சிருந்தீங்க?"

"ஆமாங்க."

"அந்த ஓரம் ஒடஞ்சிருக்குமே?"

"அதையும்தானுங்க."

அடுத்த வளைவில் என் சாப்பாட்டுப் பையை அவர் வாங்கிக்கொண்டார். முட்டி வலிக்காரரிடம் எதற்கு என்று நான் திரும்பப் பிடுங்கப் பார்த்தேன். கொடுக்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆறு வாரத்துக்குப் பிறகு ஏறினேன். அரிசிப் பானையிலிருந்து எடுத்த ஹெட்செட்டில் ஒரு அரிசி ஒட்டிக்கொண்டு மூக்கை உறுத்தியது.

இன்று ஆட்டத்தின் சர்வரை நடத்தியவன் எந்த நாட்டுக்காரனோ, நான் அழித்த பழைய படத்தையே போட்டிருந்தான். மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கியதும் கீழே என் மலை. டேங்கு, கூரை, கற்பூர மரங்கள். பார்க்காதே என்று சொல்லிக்கொண்டேன். பார்த்தேன். சந்து திறந்தே இருந்தது.

"பின்னால ஒருத்தன்!" என்று சேட்டன் கத்தினார். தோளுக்கு மேலே திரும்பினேன், சூரியனுக்குள் புள்ளி. கை தானாக இழுத்தது. வானமும் தேயிலையும் இரண்டு முறை இடம் மாறின. அவன் எனக்கு முன்னால் வந்து நின்றான். சுட்டேன். எவ்வளவு நாளாயிற்று!

திரும்பி வரும் வழியில் சேட்டன் கேட்டார், "வேலாமணி, ஆபீஸ் விட்டா அந்தச் சந்து வழியாத்தானே வருவீங்க?"

"இல்லீங்க சேட்டா," என்றேன். "இப்ப சுத்தித்தான் வர்றோம்."