முத்தண்ணன் எழுத்தில் வந்த விளம்பரம்

என் பாசமுள்ள முத்தண்ணனுக்கு,

தொண்ணூற்றெட்டில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு, உன் எழுத்துகளை நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன் என்பது உனக்குத் தெரியாது. நுவரெலியாவில் ஒரு அச்சுக் கடையில் இப்போது வேலை பார்க்கிறேன். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகையில் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராச் சுவருக்காக நீ வரைந்த அந்தக் குண்டு எழுத்துகள்தான். தொந்தி தள்ளிய ‘கு’, தும்பிக்கை போலச் சுருண்ட கொம்பு, பணிஸ் ரொட்டி அளவுக்குப் புள்ளி. அந்த எழுத்துருவுக்கு ‘முத்து’ என்று உன் பெயரையே வைத்தேன்.

முதலில் பிறந்தநாள் அட்டை, ஐஸ்கிரீம் கடைப் பலகை, பள்ளி விளையாட்டுப் போட்டி என்று வந்தது. பார்க்கும்போதெல்லாம் நீ சிரிப்பது போல இருக்கும்.

பிறகு ராகலை பஸ் ஸ்டாண்டில் ஒரு விளம்பரம் ஒட்டினார்கள். அரபு நாட்டில் வீட்டு வேலை, கைநிறையச் சம்பளம். எல்லாம் உன் எழுத்தில். யாரோ பிரதி எடுத்து வேறு கடைக்குக் கொடுத்திருக்கிறார்கள். நம் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் புஷ்பம் அக்கா தன் மகள் சுமதியை அந்த ஆட்களை நம்பித்தான் அனுப்பினார். போனவளிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. ஆட்களும் கடையைப் பூட்டிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

“அந்த எழுத்தப் பாத்தா நல்லவங்க எழுதுன மாதிரி இருந்துச்சு வசந்தி. அத நம்பிட்டேன்” என்றார் அக்கா. உன் எழுத்து என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, அண்ணே?

இப்படிப்பட்ட ஆட்களுக்கு இந்த எழுத்தில் அடித்துக் கொடுக்க வேண்டாம் என்று எங்கள் கடை முதலாளியிடம் போய்ச் சொன்னேன். “எழுத்து என்னம்மா பண்ணும்? கேக்குறவங்களுக்கு அடிச்சுக் குடுக்கத்தான கடை” என்றார்.

நானே ஒரு நோட்டீஸ் அடித்தேன். ‘விசாரிக்காமல் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.’ அவர்கள் எழுத்தாலேயே அவர்களை மடக்கலாம் என்று அதையும் ‘முத்து’விலேயே போட்டு, அதே பஸ் ஸ்டாண்டில் ஒட்டினேன். பஸ்ஸுக்கு நின்ற ஒரு பிள்ளை அதை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. “இதுவும் அவங்க விளம்பரந்தானே அக்கா?” என்று கேட்டது.

சந்தோஷத்தைச் சொல்லத்தான் அந்த எழுத்தை நீ பழக்கியிருந்தாய். பயத்தை அதற்குச் சொல்லத் தெரியவில்லை. நோட்டீஸைக் கிழித்துவிட்டு, தூரிகையால் நேர்க்கோடாக, கறுப்பில், சுழியில்லாமல் எழுதி, கீழே எங்கள் கடைப் பெயரையும் போட்டு ஒட்டினேன். அதற்குப் பிறகு இரண்டு தாய்மார் கடைக்கு வந்து விசாரித்தார்கள். தங்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை. அது போதுமா? சுமதிக்கு அதனால் என்ன?

உன் எழுத்து இப்போது கண்டியிலும் கொழும்பிலும் இருக்கிறது. திருப்பி வாங்க முடியாது. ஆனால் ஆள் பிடிக்கிறவர்கள் எவருக்கும் என் கையால் அதை அடித்துக் கொடுக்க மாட்டேன். வேலை போனாலும் சரி.

நாளை புஷ்பம் அக்காவோடு கொழும்புக்குப் போகிறேன், அங்கே வெளிநாட்டு வேலை அலுவலகத்தில் புகார் எழுதிக் கொடுத்துக் கேட்டுப் பார்க்க. சுமதி வந்து சேர்ந்தால் உனக்குச் சொல்கிறேன். வராவிட்டாலும் நான்தான் உன் குழிமேட்டுக்கு வந்து சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவள்,
வசந்தி