மாமனார் ஊற்றிய ஆயில்

செவ்வாய், இரவு.

கார்டன் ரீச் மேம்பாலத்தில் ஏறும்போது இன்றும் என்ஜின் கத்தியது, பைக் நகரவில்லை. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை. கிளட்ச் கேபிளை நேற்றே தளர்த்திப் பார்த்துவிட்டேன். மெக்கானிக் ஆயிலை விரலில் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். கார் ஆயிலாம். பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே கிடப்பதால் வழுக்குமாம்.

எனக்கும் தெரியும். மாமனார் தன் காருக்கு வாங்கியதை அவர் கையாலேயே ஊற்றினார். அவர் வீட்டில் இருந்துகொண்டு வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

சாப்பிடும்போது கேட்டார்.

"வண்டி எப்படி ஓடுது மாப்பிள்ளை?"

"நல்லா ஓடுது மாமா."

"கார்தான் வித்தாச்சே. இன்னும் மூணு டின் இருக்கு, எல்லாம் உங்க வண்டிக்குத்தான்."

தலையாட்டிவிட்டு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டேன்.