ரெண்டு கிளவுஸ்

செவ்வாய், இரவு.

காசிமேட்டில் மீன் வெட்டும்போது கத்தி என் விரலைக் கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட வந்த நர்ஸிடம், எனக்கு எச்.ஐ.வி. இருப்பதை நானே சொன்னேன். ஒன்றின்மேல் ஒன்றாக ரெண்டு கிளவுஸ் மாட்டினாள். "ஓரமா குந்து, எதையும் தொடாத" என்றாள். பொறுத்துக்கொண்டேன்.

அடுத்து, போட்டில் வேலை செய்யும் ஒரு அண்ணன் காலில் ரத்தம் ஒழுக வந்தார். அவருக்கு வெறுங்கையால் துடைக்கப் போனாள். அப்போதுதான் கத்தினேன்.

"இன்னா சிஸ்டர், அவரு ரத்தத்துல இன்னா கீதுன்னு உனக்குத் தெரியுமா? அவருக்கே தெரியுமா? எல்லாருக்கும் கிளவுஸ் போடு!"

"உனக்குத்தான் எச்.ஐ.வி. கீதுன்னு சொன்ன, அதான் போட்டேன்" என்றாள் சத்தமாக. பெஞ்சில் என் பக்கத்திலிருந்தவள் பிள்ளையை இழுத்துக்கொண்டு எழுந்துபோனாள்.

நர்ஸ் முறைத்துக்கொண்டே கிளவுஸ் மாட்டி அவருக்குத் துடைத்தாள். அவள் நல்லதுக்குத்தான் கத்தினேன். அது அங்கே ஒருத்தருக்கும் புரியவில்லை.