இரண்டாவது கையெழுத்து

என் சண்டைக்காரிக்கு,

உன் அண்ணன் வீட்டில் சௌக்கியமா? இங்கே அடுப்பு எரிகிறது, ரொட்டி வேகிறது.

வக்கீலம்மாவைப் பார்த்தேன். நம் கார்டு விற்பனையில் தினமும் பங்கு பிடிக்கிறதே, கடைக்கு முன்பணம் கொடுத்த கம்பெனி, அதன் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்தார்.

“வியாபாரம் கொறஞ்சா பிடிக்கிறதையும் கொறைக்கணும்னு இதுலயே இருக்கே. ஏன் கேக்கல?” என்றார்.

எப்படிக் கேட்பது? கணக்கில் வியாபாரம் குறையவே இல்லையே. மந்தமான நாட்களில் என் கார்டையே நம் மெஷினில் தேய்த்திருக்கிறேன், சாயங்காலம் விற்பனைச் சீட்டைப் பார்த்து நீ கலங்கக் கூடாதென்று. யாரும் வாங்காத கேக்குக்கு நானே பணம் கட்டி, அதிலும் அவர்களுக்குப் பங்கு அழுதிருக்கிறேன்.

இதைச் சொன்னபோது வக்கீலம்மா சிரிக்கவில்லை. “நடந்ததை அப்படியே எழுதிக் குடுங்க. அப்பதான் கொறைக்கச் சொல்லிக் கேக்க முடியும். மறுத்தா கோர்ட்டுக்குப் போகலாம்.”

கடை இருவர் பெயரிலும் இருப்பதால் இருவரும் கையெழுத்திட வேண்டுமாம். கம்பெனிக்கான கடிதம் இதனுடன் இருக்கிறது. என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

அன்று ஒப்பந்தத்தில் “இங்க போடு” என்று விரல் வைத்துக் காட்டினேன். நீயும் படிக்காமல் போட்டாய். இதை முழுதாகப் படி. விரல் வைக்க நான் அங்கே இல்லை.

உன் ரொட்டிக்கடைக்காரன்