அண்ணனின் காதுகளைப் பற்றி அம்மாவுக்கு

உப்பளத்திலிருந்து வந்ததும் வராததுமாக என் கன்னத்தைக் கிள்ளும் அம்மாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் முடிந்துவிட்டது. வீட்டில் நானும் ஏழுமலை அண்ணனும்தான். ஊதுவத்திக் கம்பெனியில் வேலை முடிந்து, ஆரோவில் பக்கமிருந்து பஸ் பிடித்து மரக்காணத்தில் வந்து இறங்கினால், "என்னாடி, சாப்ட்டியா?" என்று கேட்க ஆளில்லை. அண்ணன் எப்போது பேசியிருக்கிறான், இப்போது பேச? பொழுதெல்லாம் நானே பேசி நானே "உம்" கொட்டிக்கொள்கிறேன்.

உன்னை எடுத்த அன்று நடந்தது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. வாசலில் பறை அடித்து வெடியும் போட்டார்கள். அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு உப்பளத்துப் பக்கம் ஓடிவிட்டான். ஒரே ஆம்பளைப் பிள்ளை அவன். கடைசியில் பெரியப்பா மகன்தான் உனக்குக் கொள்ளி வைத்தான். "பெத்தவளுக்குக் கொள்ளி போடாத புள்ளை. கல்லு மனசு" என்று ஊரே பேசியது. எனக்கும் அவன் மேல் கோபம்தான்.

அந்த மார்கழியில் கடல் ஊருக்குள் வந்தது. நாங்கள் பிழைத்துக்கொண்டோம். முகாமில் ஜெனரேட்டர் இரைச்சல் தாங்காமல் அண்ணன் தலையைச் சுவரில் மோதிக்கொண்டபோது, ஆளாளுக்கு வேப்பிலை தேடினார்கள். பாண்டிச்சேரியிலிருந்து வைத்தியம் பார்க்க வந்திருந்த ஒரு டாக்டரம்மா ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டான். அவர்தான் பிறகு எங்களைப் பாண்டிச்சேரிக்கு வரச்சொல்லிப் பார்த்தார். முப்பத்து மூன்று வயதில் உன் பிள்ளையின் குறைக்கு ஒரு பேர் கிடைத்தது. ஆட்டிசமாம். காத்து கருப்பு இல்லை, நீ வளர்த்த குற்றமும் இல்லை. இதைக் கேட்க நீ இல்லாமல் போனாயே என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

"மூளையில ஒரு நரம்பு இன்னொரு நரம்பைக் கிளப்பி விட்டுக்கினே இருக்கும்மா. 'போதும், அடங்கு'ன்னு சொல்றதுக்கும் ஒரு கெமிக்கல் இருக்குது. காபான்னு பேரு" என்றார் டாக்டரம்மா. "இவங்களுக்கு அந்த அடக்குற வேலை சரியா நடக்கலையோன்னு ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க. வளர்ந்த ஆளுங்களுக்கு எப்படின்னு இன்னும் யாரும் முடிவா சொல்லல."

நமக்கு ஒரு சத்தம் கேட்டால் கொஞ்ச நேரத்தில் பழகிவிடுகிறது. அவனுக்கு ஒவ்வொன்றும் முதல் தடவை கேட்பது போலவே கேட்குமாம். உப்புப் பாத்தியில் மடையை அடைக்க மறந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? தண்ணீர் பாட்டுக்கு ஏறி, விளைந்த உப்பெல்லாம் கரைந்துபோகும். அண்ணனுக்குள் அந்த மடை அடைபடுவதில்லை. இத்தனை வருஷம் அவன் அப்படியேதான் நம்மோடு இருந்திருக்கிறான்.

கூட வந்திருந்த பெரியப்பா சும்மா இருப்பாரா? "கொறைச்சலா இருக்குதுன்னா வாங்கி ஊத்திட வேண்டியதுதானே? அந்தக் காபா எந்தக் கடையிலங்க கிடைக்கும்?" என்று கேட்டுவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "வாயில போட்டா மூளைக்குப் போய்ச் சேர்ற சரக்கு இல்லீங்க அது. தூங்குற மாத்திரை குடுத்து மடக்கிப் போடலாம், ஆனா அது வைத்தியம் இல்ல. மொதல்ல அவரைச் சுத்தி சத்தத்தைக் கம்மி பண்ணுங்க."

பெரியப்பா காதில் விழுந்தது நடு வாக்கியம் மட்டும்தான். ஆடியில் உன் வருஷக் காரியம் வந்தபோது, "மாத்திரை போட்டு உக்கார வையி. பம்பை அடிச்சு முடியிற வரைக்கும் கெடக்கட்டும்" என்றார். பம்பை அடித்து அழைத்தால்தான் போனவர்கள் படையலுக்கு வருவார்கள் என்பது நம் சனத்தின் நம்பிக்கை. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பம்பை இல்லாவிட்டால் நீ வருவாயா? ஆனால் உனக்குச் செய்ய வேண்டியவனைத் தூங்கவைத்து யாருக்குக் காரியம் செய்வது?

"பம்பையும் வேணாம், மாத்திரையும் வேணாம் பெரியப்பா. அண்ணனே செய்யட்டும்" என்றேன்.

"தாளம் மேளம் இல்லாம செய்ய அவ என்னா அநாதையா? அப்படின்னா நீங்களே பண்ணிக்கங்க."

ஒருவரும் வரவில்லை அம்மா. இலை போட்டு, உனக்குப் பிடித்த நெத்திலிக் குழம்பு வைத்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்காகூட எட்டிப் பார்க்கவில்லை. நான் கையைப் பிடித்துக் காட்ட, அண்ணன் உன் போட்டோ முன்னால் கற்பூரம் ஏற்றினான்.

அந்த நேரம் பார்த்து அம்மன் கோயில் மைக் செட் அலறியது. ஆடி மாசம், நானும் யோசித்திருக்க வேண்டும். அண்ணன் இரண்டு கையாலும் காதைப் பொத்தினான். போச்சு, ஓடப்போகிறான் என்று கதவை மறித்து நின்றேன்.

அவன் ஓடவில்லை. உடம்பெல்லாம் வெடவெடக்க, தன் காதிலிருந்து கைகளை எடுத்தான். எடுத்து, போட்டோவில் உன் முகத்தின் இரண்டு பக்கமும் வைத்து அழுத்திக்கொண்டான். பாட்டு முடியும்வரை உன் காதுகளைப் பொத்தியபடியே நின்றான். அவன் காது இரண்டும் திறந்து கிடந்தன, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

பெரியப்பா இதைப் பார்க்கவில்லை. ஊரும் பார்க்கவில்லை. பார்த்தவள் நான் ஒருத்திதான். சொன்னால் யார் நம்புவார்கள்? நீ வந்திருந்தாயா அம்மா? அவன் கை உன் மேல் பட்டது தெரிந்ததா?

அவனை யாரும் மாத்திரை போட்டு மடக்க நான் விடமாட்டேன். என் உயிர் இருக்கும்வரை உன் காரியத்தை உன் பிள்ளைதான் செய்வான், வேறு யாரும் வராவிட்டாலும்.

உன் கடைக்குட்டி,
ஏழுமலைக்குத் தங்கச்சி,
அஞ்சலை