ஏழாம் கட்டில் தீப்பெட்டி

1969 நவம்பர் 3, திங்கள்

விடாத தூறல். குடையை ஆஸ்பத்திரியிலேயே மறந்து நனைந்துகொண்டு வீடு வந்தேன். பெரிய டாக்டரின் புது உத்தரவு: எந்த வியாதிக்குப் படுத்திருந்தாலும் சரி, வார்டில் எல்லோருக்கும் மலப் பரிசோதனை. மைக்ராஸ்கோப் பார்ப்பவர் லீவு. ஆகவே அடியேன். டாக்டருக்குப் படித்தது இதற்குத்தான் போலும்.

மலத்தைத் தீப்பெட்டி தீப்பெட்டியாகப் பரிசோதனை அறை ஜன்னலில் கொண்டுவந்து வைக்கிறார்கள். கால் உடைந்தவருக்கும் நாக்குப்பூச்சி. குடலிறக்கத்துக்கு வந்தவருக்குக் கொக்கிப்புழு. பிரசவத்துக்கு வந்தவளுக்கு இரண்டும். மத்தியானம் சோறு இறங்கவில்லை.

சோப்பு வாங்கணும். கார்பாலிக்.

நவ. 4, செவ்வாய்

மழை விட்டது. பெண்கள் வார்டு முடிந்தது. பூச்சி இல்லாதது ஒரே ஆளுக்கு. ஏழாம் கட்டில் சரோஜா, நெசவுக்காரர் வீட்டு மருமகள், சின்னப் பெண். பெட்டியை மாமியார் பட்டம்மாள் கொண்டுவந்தாள். 'சுத்தம்' என்று சிவப்பு மையில் எழுதினேன். சந்தோஷத்தில் நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக்கூடக் காட்டினேன்.

ஆனால் வார்டிலேயே மோசமாக இருப்பதும் அவள்தான். நாக்கு, நகம் எல்லாம் வெளுப்பு. எழுந்து உட்கார்ந்தால் மூச்சிரைப்பு. கால் வீக்கம். ரத்தம் எங்கேதான் போகிறது? பூச்சி இல்லை என்பதால் இதயக் கோளாறு என்கிறார் பெ.டா. வியாழக்கிழமை மெட்ராஸுக்கு அனுப்புவதாக முடிவு. அந்த உடம்பு பயணம் தாங்குமா? வழியிலேயே போய்விடுவாளோ என்று பயம்.

நவ. 5, புதன்

தூக்கம் சரியில்லை. காபியும் சரியில்லை.

காலையில் போனால் சரோஜா எதையோ மென்றுகொண்டிருக்கிறாள். தலைப்பில் முடிந்துவைத்த பச்சரிசி. "மண்ணு வாசனை வந்தாக்கூட நாக்கு ஊறுது சார்" என்றாள் வெட்கத்தோடு. கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சினால் வருகிற ஆசை அல்லவா இது? நர்ஸம்மாவைப் பக்கத்தில் நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னேன். பார்த்த இடமெல்லாம் கொ.பு. முட்டை.

பட்டம்மாளைக் கூப்பிட்டுக் கத்திவிட்டேன். அவள் பயப்படவே இல்லை.

"அவளுக்கு வெளிக்கே போவல சார். காத்தாலயே வேணும்னீங்க. சாப்புடாத கெடக்கறவளுக்கு எங்கேர்ந்து வரும்? சரின்னு என்னுத வெச்சிட்டேன். ஒரே வூடு, ஒரே சோறு. அவளுது இன்னா, என்னுது இன்னா?"

கோபத்தோடு சிரிப்பும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அதே வீட்டில் பட்டம்மாளுக்கு மட்டும் எப்படி இல்லை? வார்டு வாசலில் கிடந்த அவளுடைய டயர் செருப்பைப் பார்த்ததும் புரிந்தது. காலில் ஆணி, செருப்பில்லாமல் ஓரடி வைக்க மாட்டாள். அதனால் விடிகாலையில் தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டிப் பாவு போடுகிற வேலை மருமகளுடையது. தெருவோரம் முழுக்கக் குழந்தைகள் வெளிக்கு உட்கார்ந்து எழுகிற ஈர மண். புழு நுழைவது பாதத்தின் வழியாக. "மருமகள் ஏன் செருப்புப் போடுவதில்லை?" என்றேன். "பாவாண்ட யாராச்சும் செருப்பு போடுவாங்களா சார்? லட்சுமி இல்லியா?"

நவ. 6, வியாழன்

மெட்ராஸ் பயணம் ரத்து. பெ.டா. என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இந்த நிலையில் புழு மருந்து கொடுத்தால் தாங்க மாட்டாள். முதலில் ரத்தம் ஏற்றியாக வேண்டும். புருஷன் ஏகாம்பரம் வந்தான். ரத்தம் என்றதும், "தறி அடிக்கிற கை சார், அப்புறம் நடுங்காம நிக்காதுன்றாங்க" என்றான். தீபாவளிப் புடவை தறியில் இருக்கிறதாம். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. சீ!

பட்டம்மாள் கையை நீட்டிக்கொண்டு வந்தாள். "அன்னிக்கு என்னுத குடுத்தது தப்புன்னீங்க. இது என்னுதே எடுத்துக்கோங்க."

சோதித்தேன். சேரவில்லை. மறுபடியும் பார்த்தேன். கண்ணாடித் தகட்டில் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக.

சொன்னேன். நீட்டிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு, "நான் பெத்தவளா இருந்தா சேர்ந்திருக்குமா சார்?"

 அப்படியெல்லாம் இல்லைம்மா என்று என்னவோ உளறினேன். அவள் வார்டுக்குள் போய் மருமகளைப் பார்த்துவிட்டு வேகமாக வெளியே போனாள்.

நவ. 7, வெள்ளி

மறுபடி மழை. சரோஜாவுக்கு மூச்சு இன்னும் மோசம். 'சுத்தம்' என்று எழுதியதை அடித்தேன். ஆக, பெண்கள் வார்டில் பூச்சி இல்லாதவர் ஒருவரும் இல்லை. சுத்தமென்று வந்த அந்த ஒருத்தியும் நோயாளி அல்ல, பார்த்துக்கொள்ள வந்தவள்.

பத்து மணிக்குப் பட்டம்மாள், மகனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு. "தறியிலேர்ந்து எழுப்பிக்கினு வந்தேன். பொடவ பாதியில நிக்கிது. நிக்கட்டும்." அவளே அவன் சட்டைக் கையை மடித்துவிட்டாள். அவன் ஊசியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சேர்ந்தது! அப்பாடா.

பாட்டில் மாட்டிவிட்டுத் திரும்பினால் பட்டம்மாள் நொண்டி நொண்டி நடக்கிறாள். வெறுங்கால். "செருப்பு எங்கேம்மா?"

ஏழாம் கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினாள். "நேத்தே வெச்சிட்டேன் சார். எழுந்தா போட்டுக்கட்டும். பாவு போடச் சொல்லயும் போட்டுக்கட்டும். லட்சுமிகிட்ட நான் பேசிக்கறேன்."

பாட்டில் பாதி இறங்கியிருக்கிறது. சரோஜாவின் நாடி இன்னும் படபடவென்று ஓட்டம்தான்.