முப்பத்தெட்டாம் இதழின் கடைசித் தாள்கள்

1957 மார்ச் 2, சனி

செம்புப் பருந்து, இங்கிலீஷ் படக்கதை, 37ஆம் இதழ். லீலாவுக்கு எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

சுரங்கத்துக்குள் ஆற்றுத் தண்ணீர் புகுந்துவிட்டது. உள்ளே பதினொரு பேர். பருந்து கூரையைத் தோளால் தாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே அனுப்புகிறான். கடைசி ஆள் போகும்போது தண்ணீர் அவன் தலைக்கு மேல். மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறான். அதோடு இதழ் முடிகிறது. தண்ணீரை நன்றாக வரைந்திருக்கிறார்கள், பார்க்கும்போது எனக்கே மூச்சு முட்டியது. குறை: கழுத்துவரை தண்ணீரில் நிற்பவன் இவ்வளவு பேசமாட்டான். சிவப்பு மை உதட்டைத் தாண்டி மோவாயில் விழுந்திருக்கிறது, வெற்றிலை போட்டவன் மாதிரி.

லீலா தமிழ்ப் பள்ளியில் படித்தவள், இங்கிலீஷ் வாசிக்க வராது. "கதை மட்டும் எழுதாதே அக்கா, நல்லா இருக்கா இல்லையான்னும் எழுது" என்று நெஞ்சுநோய் வார்டுக்குப் போன அன்றைக்கே சொல்லிவிட்டாள். பன்னிரண்டு வயது. அவள் போனபிறகு நானும் பள்ளிக்குப் போகவில்லை. அம்மா பாதி நாள் ஆஸ்பத்திரியில். அப்பா தியேட்டர் வாசலில் தாள் கூம்பில் போட்டு விற்கிற கச்சாங் பூத்தே கடலையை அவிக்க, வறுக்க, தாளை வெட்டிக் கூம்பு சுருட்ட வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.

மார்ச் 3, ஞாயிறு

பதினாறு வயது ஆகாதவர்களை வார்டுக்குள் விடமாட்டார்கள். எனக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. வேலிக்கு வெளியே மரத்தடியில் நின்றேன். மாடி ஜன்னலில் லீலா. அம்மா கொடுத்த தாளைப் படித்துவிட்டு விரல்களைக் காட்டினாள். பத்துக்கு ஏழு. பருந்துக்கு அல்ல, நான் எழுதியதற்கு. போன தடவை ஆறு.

மார்ச் 9, சனி

38 இன்னும் வரவில்லை.

மார்ச் 14, வியாழன்

நெய்னா முகம்மது மாமா பழைய தாள் கட்டு கொண்டுவந்தார். பட்டாளத்து வெள்ளைக்காரர்கள் வீடுகளில் வாங்குவது. அதில்தான் பருந்து வருகிறான். கதவுக்குப் பின்னால் நின்றபடி, "முப்பத்தெட்டு இருக்கா மாமா?" என்றேன்.

"வடிவேலு, உம் மகளைப் பாரு. வெள்ளைக்காரப் பிள்ளைங்க படிச்சுட்டு எறிஞ்சதை வரிசையா வேணும்னு கேக்குது லா" என்று சிரித்தார்.

ஆனால் இருந்தது.

மார்ச் 15, வெள்ளி

என் தப்புத்தான். பாதி படித்துக்கொண்டிருக்கும்போது அடுப்பில் கடலை பொங்கியது. புத்தகத்தை விரித்தபடியே தாள் கட்டின்மேல் வைத்துவிட்டு ஓடினேன். எங்கள் வீட்டில் அந்தக் கட்டின்மேல் இருப்பதெல்லாம் கூம்புக்குத்தான், யாரும் யாரையும் கேட்பதில்லை. அப்பா விரிந்த இடத்திலேயே கிழித்து, பின்பாதியைச் சுருட்டிக்கொண்டு, தட்டைத் தலையில் வைத்துப் போய்விட்டார்.

நானும் போனேன். தனியாகக் கடைக்குப் போகவே எனக்குக் கூச்சம், இன்றைக்கு எப்படிப் போனேனோ. பகல் ஆட்டம் விட்டுக் கூட்டம் வெளியே வந்தது. குனிந்து குனிந்து, காலடியில் கிடந்த கூம்புகளைப் பொறுக்கினேன். "என்னா பொண்ணு, கடலை போதலையா?" என்று ஒருவன் கேட்டான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா பார்த்தார். அவரும் குனிந்து இரண்டு எடுத்துக் கொடுத்தார்.

மொத்தம் ஆறு கிடைத்தது. ஐந்தில் விளம்பரமும் வேறு கதையும். ஒன்றில் மட்டும் பருந்து. எண்ணெய் பட்டு இரண்டு பக்கமும் ஒன்றாகத் தெரிகிறது. அவனைக் கரையில் படுக்க வைத்திருக்கிறார்கள். முகத்தைத் துணியால் மூடிவிட்டார்கள். சுற்றி நிற்கிறவர்கள் தொப்பியைக் கையில் பிடித்திருக்கிறார்கள்.

மார்ச் 16, சனி

38ஆம் இதழ். பருந்து நீரைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறான். மாதா கோயில் கோபுரத்தின்மேல் நின்று நெஞ்சு நிறைய மூச்சு விடுகிறான். மிக நன்றாக இருக்கிறது.

இதைத்தான் எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். படுத்திருக்கிற பிள்ளைக்கு வேறு என்னத்தை எழுத?

மார்ச் 17, ஞாயிறு

பத்து விரல். இதுவரை பத்து போட்டதே இல்லை.

மார்ச் 20, புதன்

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள். "உன் தங்கச்சி கேக்கச் சொன்னா. அக்கா எப்பவும் ஒரு குறை எழுதும், இந்தத் தடவை குறையே இல்ல, பருந்து செத்துட்டானான்னு. யாருடி அது பருந்து?"

புத்தகத்தில் வருகிறவன் என்றேன். அம்மா, "நல்ல வேளை" என்றாள்.

அப்படியென்றால் அந்தப் பத்து விரலும் கேலிக்குத்தானா? அங்கே நின்று சிரித்தேனே. என்னைப் பார்த்து என்ன நினைச்சிருப்பா.

மார்ச் 23, சனி

38ஆம் இதழ், மறுபடி. லீலா, பின்பாதி கூம்பாகிவிட்டது. கிடைத்த ஒரு தாளில் அவன் முகத்தைத் துணி மூடியிருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று தாள் இருக்க வேண்டும். அதில் என்ன என்று எனக்குத் தெரியாது. போன வாரம் எழுதியது நான் இட்டுக்கட்டியது. குறை: அக்காவிடம்.

மார்ச் 24, ஞாயிறு

இன்றைக்கு லீலா ஜன்னலுக்கு வர நேரமாயிற்று. வார்டில் வேலை செய்கிற அன்னம்மா பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். ஒரு கையை மட்டும் விரித்துக் காட்டினாள். ஐந்து. பாதிக் கதைக்குப் பாதி மதிப்பெண். என் தங்கச்சிதான். கையை இறக்காமல் அப்படியே வைத்திருந்தாள். நானும் வைத்திருந்தேன்.

ஏப்ரல் 3, புதன்

லீலா நேற்று விடியற்காலையில் போய்விட்டாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

மரத்தடிக்குப் போனேன். ஏன் போனேன். ஜன்னலில் யாரோ துண்டு காயப்போட்டிருந்தார்கள்.

மே 18, சனி

செம்புப் பருந்து, 39ஆம் இதழ்.

நெய்னா மாமா கட்டிலிருந்து அதைத் தனியாக எடுத்துக் கொடுத்தார். இந்தத் தடவை எதுவும் சொல்லி என்னைச் சீண்டவில்லை.

பருந்து சாகவில்லை. முதல் பக்கத்திலேயே துணி விலகுகிறது, இரண்டாம் படத்தில் கண் விழிக்கிறான், மூன்றாவதில் பறக்கிறான். தொப்பியைக் கழற்றியவர்கள் மறுபடி போட்டுக்கொள்கிறார்கள். யார் துணியைப் போட்டது, எத்தனை நாள் கிடந்தான், யாராவது அழுதார்களா, ஒன்றும் இல்லை. கோபுரத்தின்மேல் நிற்கிறான், நான் எழுதிய மாதிரியே. மை இந்தத் தடவை உதட்டோடு நின்றிருக்கிறது. குறை: இவ்வளவு சுலபமாகத் திரும்பி வரக்கூடாது.

அப்பா இன்றைக்குக் கூம்புக்குத் தாள் எடுக்கும்போது அதை மட்டும் ஒதுக்கி வைத்தார். "இதைக் கிழிக்கல, தங்கம். நீ வச்சுக்க."

"நல்லா இல்லப்பா" என்றேன். "கூம்புக்கே போடுங்க."

அவர் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். நானே வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கிழித்தேன்.